ஒரு உணவுச் சங்கிலியைத் திருத்தப் போனேன்

இருபத்திரண்டு வருடங்களாக நான் அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குச் சொன்னவர், பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில் இருக்கும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. பிப்ரவரி மாதம் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தார்.

"ஏனுங்கக்கா, உணவுச் சங்கிலி சார்ட்டுக்குப் படம் போடறது நீங்கதானுங்களா?"

நான்தான். சிவகாசியில் ஓர் அச்சகத்துக்குப் பள்ளிக்கூட சார்ட் வரைந்து கொடுப்பது என் தொழில். பூவின் பாகங்கள், மனிதக் கண், தேசியத் தலைவர்கள், நல்ல பழக்கங்கள் எல்லாம் என் கைதான். எந்த ஊர் ஸ்டேஷனரிக் கடையிலும் சுருட்டி வைத்திருப்பார்கள். உணவுச் சங்கிலி அதில் நன்றாக விற்கிற ஒன்று. புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. கழுகிடமிருந்து பாம்புக்கு ஓர் அம்பு, பாம்பிடமிருந்து தவளைக்கு ஓர் அம்பு. கழுகு பாம்பைத் தின்கிறது, அதனால் அம்பு பாம்பை நோக்கிப் பாய்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

"அது வேட்டைக்குப் போடற அம்புங்க" என்றார் டீச்சர். "இது சாப்பாடு போற வழிக்குப் போடற அம்பு. வெயிலு புல்லுக்குப் போகுது. புல்லுல இருக்கற சத்து வெட்டுக்கிளிக்குப் போகுது. தவளைகிட்ட இருக்கறது பாம்புக்குப் போகுது. நீங்க போட்டபடி பாத்தா கழுகு பாம்புக்குச் சோறு ஊட்டுதுங்க. என்ற பசங்க பரீட்சையில அப்படியே எழுதி வச்சிருக்குதுங்க."

குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. முதலாளியிடம் சொன்னேன். "இத்தனை வருசமா யாரும் சொல்லலியே" என்று அவரும் சார்ட்டை விரித்துப் பார்த்தார். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் புது சார்ட் போட்டுவிடலாம் என்று முடிவானது.

மறுபடி டீச்சருக்குப் போன் செய்தேன். அவர் பெயர் சாந்தாமணி. "புதுசாப் போடறதா இருந்தா இங்க வந்து பாத்துட்டுப் போடுங்க" என்றார். கேரளத்தில் இந்தச் சமவெளியிலும் மூணாறு மலையிலும் தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் ஊரில் இருக்கிற புல்லும் பிராணியும் ஒரு படத்திலாவது வரட்டும் என்றார். யோசித்துப் பார்த்தேன். அந்தத் தவளையைக்கூட நான் வேறு ஒரு சார்ட்டைப் பார்த்துத்தான் வரைந்திருந்தேன். மார்ச் மாதம் கிளம்பினேன்.

எல்லை தாண்டியதே தெரியவில்லை. பெயர்ப்பலகையில் எழுத்து மாறியது, டீக்கடையில் பேச்சு மாறவில்லை. கோயம்புத்தூர்ப் பேச்சுதான். தென்னந்தோப்பு, நிலக்கடலைக் காடு, நடுவில் தண்ணீர் இல்லாத ஒரு வாய்க்கால். கேரளம் என்றால் மழை என்று நினைத்துக் குடை கொண்டுபோயிருந்தேன். வெயிலுக்குத்தான் பிடிக்கவேண்டியிருந்தது.

சாந்தாமணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, வேகமான நடை. முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசியும் பருப்புச் சோறு ஆக்கியிருந்தார். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் ஒரே பாத்திரத்தில் குழைந்து, மேலே நெய். எங்கள் ஊரில் சோறு ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம், தொட்டுக்கொள்ள மூன்று என்று இருந்தால்தான் சாப்பாடு. இது ஒற்றைப் பாத்திரத்தில் முடிந்துவிட்டது. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

"உங்க ஊருலயும் வெயில் சாஸ்திதானுங்களே" என்றார்.

எங்கள் ஊரில் வெயில் ஒரு கூலியாள் மாதிரி என்று சொன்னேன். தீக்குச்சி காயவேண்டும், பட்டாசுத் தாள் காயவேண்டும், பசை காயவேண்டும். மழை வந்தால் ஊரே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும்.

"காய வைக்கறதோட சரி" என்று சிரித்தார். "தின்னுறதுக்கு ஆகற மாதிரி மாத்தறதுக்கு எலைதானுங்க வேணும். அத நாளைக்கு முதலமடையில காட்டறேன். ஒரு லீவு எழுதிக் குடுத்துட்டேன்."

மறுநாள் அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். முதலமடை மாந்தோப்புகள் மழை மறைவில் காய்ந்து கிடக்கும் நிலத்தில் இருக்கின்றன. தரையில் புல்கூட இல்லை. மேலே மட்டும் கரும்பச்சையாய் இலை, அதற்குள் கொத்துக்கொத்தாய்க் காய். தூரத்தில் மலைச்சுவர் நீலமாக நின்றது. மேகங்கள் அந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன போலிருக்கிறது.

தோப்புக்காரர் டீச்சருக்குத் தெரிந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிய பெரிய மனிதர். நான் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வரையத் தொடங்கினேன். சூரியன், இலை, காய். காயைக் கொறிக்கும் அணில். இலையை மடித்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. கீழே விழுந்து அழுகிய பழத்தில் ஈ, அந்த ஈயைப் பிடிக்க வந்த ஓணான். இந்தத் தடவை அம்புகளைப் பயந்து பயந்து போட்டேன்.

தோப்புக்காரர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா, இந்த அம்பு போற பக்கமெல்லாம் என்ற மாங்கா போகுதுன்னு அர்த்தமுங்களா?"

"ஆமாங்க" என்றார் டீச்சர்.

"அப்ப அணிலுக்கு இம்புட்டுப் பெருசா அம்பு போடோணுமா? பாத்தா வயிறு எரியுது."

டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வண்டு, தேனீ, பட்டாம்பூச்சி என்று வரைவதற்கு நான் நினைத்து வந்த பாதி பிராணிகள் அந்தத் தோப்பில் இல்லை. கேட்டேன். பூ வந்ததிலிருந்து மருந்தடித்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது என்றார். "அடிக்கலீன்னா பூ நிக்கறதில்ல. அடிச்சா ஈ நிக்கறதில்ல. என்ன பண்ணறது சொல்லுங்க." பறித்த காயை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஒரு தட்டில் கொடுத்தார். பல் கூசும்வரை தின்றோம்.

தோப்பை ஒட்டி ஒரு கொட்டகையில் வைக்கோல் பரப்பி மாங்காய்களைக் குவித்துப் பழுக்க வைத்திருந்தார்கள். தரம் பிரிக்கும் பெண்ணொருத்தி என் கையைப் பிடித்துக் குவியலுக்குள் விட்டாள். உள்ளே சூடாக இருந்தது. கொட்டகையில் நிழல், வைக்கோல் குளிர்ச்சி, பழக்குவியலின் வயிற்றில் மட்டும் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி ஒரு சூடு.

"உசுரு இருக்குதுங்கக்கா" என்றாள் அவள். "பறிச்சாலும் மூச்சு உட்டுக்கிட்டேதான் இருக்கும்."

டீச்சர் என்னைப் பார்த்தார். "இதத்தான் பசங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியறதில்லீங்க. மரம் வெயில வாங்கிச் சேத்து வைக்குது. ஆனா சேத்தது அப்படியே அடுத்த ஆளுக்குப் போறதில்ல. மரம் தான் பொழைக்கறதுக்குக் கொஞ்சம் செலவு பண்ணுது. காயும் பண்ணுது. அணில் தின்னா ஓடறதுக்குப் பாதி, ஒடம்பு சூட்டுக்குப் பாதின்னு போயிரும். அணிலத் தின்னுற பருந்துக்கு மிஞ்சறது கொஞ்சூண்டு. பத்துல ஒரு பங்குன்னு புஸ்தகத்துல இருக்கும். மிச்சமெல்லாம் இந்தச் சூடு மாதிரி வெளிய போயிருது, திரும்பி வராது. அதனாலதான் அணில் ஆயிரம் இருந்தா பருந்து ஒண்ணு ரெண்டு இருக்குது."

இருபத்திரண்டு வருடத்தில் நான் புல்லையும் கழுகையும் ஒரே அளவில் வரைந்திருக்கிறேன். அதையும் சொன்னேன். "அது பரவாயில்லீங்க, காகிதத்துல எடம் வேணுமில்ல" என்றார் பெருந்தன்மையாக.

திரும்பும் வழியில் ஸ்கூட்டர் பின்சக்கரம் பஞ்சர். பக்கத்தில் கடை இல்லை. மாங்காய்ப் பெட்டி ஏற்றிப்போன ஒரு பிக்கப் வண்டிக்காரர் ஸ்கூட்டரைத் தூக்கிப் பெட்டிகளுக்கு மேலே வைத்து, எங்களை வைக்கோல்மேல் உட்காரச் சொன்னார். சாந்தாமணி டீச்சர், அவர் மாணவர்கள் சைக்கிளில் எதிரே வந்தபோது புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பயனில்லை. "டீச்சர்!" என்று கத்தினார்கள்.

மலைக்குப் போகும் ஏற்பாட்டையும் அவரேதான் செய்திருந்தார். முதல் வேலை அவருக்கு மூணாறு மலையில், சின்னக்கானல் பக்கம் கிடைத்ததாம். அப்போது ஓர் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தேயிலைக் கொழுந்து எடுக்கும் முத்துமாரி என்பவர் வீட்டில் தங்கியிருந்தார். "அங்கயே தங்கிக்குங்க, சொல்லிட்டேன். அவ ஊட்டுக்காரரு தவறிட்டாருங்க. ரெண்டு வருசம் ஆச்சு. அதப் பத்தி நீங்க கேக்க வேண்டாம். அவளாச் சொன்னாச் சொல்லட்டும்."

மலையேறும் பஸ் பாதி வழியில் நின்றது. முன்பக்கத்தில் ஆவி புஸ்ஸென்று வந்தது. கண்டக்டர் பிளாஸ்டிக் குடத்தோடு ஓடைக்கு இறங்கினார். டிரைவர் மலையாளத்தில் அவரிடம் கத்தியதைப் பக்கத்து சீட்டுக்காரர் எனக்குச் சொன்னார். "குடிக்கிற தண்ணியா பாத்து எடு, பஸ்ஸுக்கும் வயித்துக்கு ஒத்துக்கணும்னு சொல்றாரு." ஒரு மணிநேரம் சாலையோரம் நின்றோம். ஒரு அம்மாள் பையிலிருந்து அவித்த மரவள்ளிக் கிழங்கை எடுத்து, காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலோடு எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். முகம் தெரியாத ஆளுக்குச் சாப்பாட்டை நீட்டுவது எங்கள் பஸ்களில் இப்போது குறைந்துவிட்டது. மிளகாய் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. குளிரத் தொடங்கியிருந்ததால் அதுவும் சுகமாகவே இருந்தது.

முத்துமாரி லயத்து வாசலில் நின்றிருந்தார். நாற்பதுக்குள் வயது. தலையில் துண்டு, காலில் கம்பூட்ஸ். "வாங்கக்கா. பஸ்ஸு நின்னுபோச்சாமே, டீச்சரு போன் பண்ணுனாக" என்று பையை வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் எட்டு வயதுப் பெண் ஒருத்தி. "சுபா, மூணாப்பு. பேச மாட்டா, பழகுனா விட மாட்டா."

வீடு ஓர் அறை, ஓர் அடுப்படி. அடுப்படிச் சுவரில் ஒரு பாதி மட்டும் புதுச் சிமெண்டு. நான் அதைப் பார்த்தேன், கேட்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. சுபாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு முத்துமாரி என்னை மலைக்குக் கூட்டிப்போனார். தேயிலை மலையைப் படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் அந்தப் பச்சை வேறு மாதிரி இருந்தது. கண்ணுக்கு எட்டியவரை ஒரே உயரத்தில் வெட்டிவிட்ட பச்சை. ஓர் இலைகூட நிழலில் வீணாகவில்லை. விழும் வெயிலையெல்லாம் வாங்கிக்கொண்டு நிற்கிறது. பெண்கள் வரிசையாகக் கத்திரி போட்டுக் கொழுந்து வெட்டினார்கள்.

நான் நோட்டைத் திறந்து சூரியன் வரைந்தேன், தேயிலை வரைந்தேன், அம்பு போட்டேன். அதற்கு அப்புறம் என்ன வரைவதென்று தெரியவில்லை. ஒரு மணிநேரம் தேடினேன். ஒரு குருவி பறந்து போனது, நிற்கவில்லை.

"இத யாரு தின்பா?" என்று முத்துமாரியைக் கேட்டேன்.

"யாரும் தின்ன மாட்டாகக்கா. ஆடுகூட வாய வைக்காது. டீக் கொசுன்னு ஒரு பூச்சி இருக்கு, அது உறிஞ்சும். அதுக்கும் மருந்தடிச்சிருவாக."

"மனுசங்க?"

"வெறுந் தேயிலத் தண்ணி குடிச்சுப் பாருங்க, பசி அடங்குதான்னு. பாலும் சீனியுந்தான் அடக்கும்." சாக்கைத் தோளில் மாற்றிக்கொண்டார். "இம்புட்டுப் பச்சையும் லாரியில ஏறிப் போயிரும். இங்க இருக்குற ஒரு சீவனுக்கு இதுல ஒண்ணுமில்ல."

மாந்தோப்பில் அம்பு அணிலுக்கும் எறும்புக்கும் ஓணானுக்கும் போனது. இங்கே முதல் அம்போடு காகிதம் காலியாக நின்றது. இந்த மலையில் முன்பு புல் இருந்திருக்கும். புல்லைத் தின்றவை எங்கே போயிருக்கும் என்று நினைத்தேன். பிறகு, அவை எங்கும் போகவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. முந்தின நாள் பஸ்ஸை விட்டு இறங்கி ஏறிய ஜீப்பில், டிரைவர் நான்கு இடத்தில் "இங்க யானை கடக்கும்" என்று காட்டியிருந்தார். மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பக்கத்தில் யானையைப் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். மலைக்கான படத்தில் யானை இல்லாமல் எப்படி?

சாயங்காலம் சுபா நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். அணிலைப் பார்த்துச் சிரித்தாள், ஓணானுக்கு வால் பத்தாது என்றாள். அடுத்த பக்கம் திருப்பினாள். யானை. நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

முத்துமாரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி, அவராகவே சொன்னார். கணவர் பெயர் செல்லத்துரை, பாக்டரியில் வேலை. ஒரு விடியற்காலை, வெளிச்சம் வந்த நேரம், யானை அடுப்படிச் சுவரைத் தள்ளித் தும்பிக்கையை உள்ளே விட்டது. ரேஷன் அரிசிக்காக. முந்தின நாள்தான் வாங்கி வைத்திருந்தார்கள். முத்துமாரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக ஓடினார். செல்லத்துரை பின்னால் வருகிறார் என்று நினைத்திருந்தார்.

"அவரு வரல" என்று மட்டும் சொன்னார்.

யானையை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அவர் விறகை உள்ளே தள்ளினார். "இருக்குறத இல்லன்னு எப்பிடிக்கா போடுவீக? ஆனா இவ க்ளாஸ்லதான தொங்கும். தினம் பாக்கணும்ல. புஸ்தகத்துல யானைப் படம் இருக்குற பக்கத்த ஒட்டி வச்சிருக்கா, பசை போட்டு."

அன்று எனக்கு முடிவு எதுவும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, முத்துமாரி ஆப்பத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். நான் மாந்தோப்புப் படத்துக்கு வண்ணம் தீட்டினேன். சுபா மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தக் கோடு என்னது?"

"அம்பு. சாப்பாடு போற வழி. மாங்கா அணிலுக்குப் போகுதுல்ல, அதனால மாங்காயிலிருந்து அணிலுக்கு."

"தின்னுறது பக்கம் அம்பு மூக்கு இருக்கணும்."

"சரியாச் சொன்ன" என்றேன். எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆனது அவளுக்கு ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. உற்சாகத்தில், "எங்க, நீயே ஒண்ணு போடு பாப்போம்" என்று என் பென்சிலைக் கொடுத்தேன்.

அவள் தன் பள்ளிக்கூட நோட்டை எடுத்துவந்தாள். குப்புறப் படுத்துக்கொண்டு வரைந்தாள். நான் வண்ணத்தில் மும்முரமாக இருந்தேன். முடித்ததும் என் முழங்கையைத் தட்டினாள். ஒரு பக்கம், சட்டை போட்ட ஓர் ஆள். இன்னொரு பக்கம் பெரிதாக ஒரு யானை. நடுவில் நேர்க்கோடாக ஓர் அம்பு. அம்பின் மூக்கு யானைப் பக்கம்.

"சரியாப் போட்டிருக்கேனா?" என்று கேட்டாள்.

அம்பு சரிதான். திசையில் ஒரு குற்றமும் இல்லை. நான் தூரிகையைக் கீழே வைத்தேன்.

"சுபா, இது யாரு?"

"அப்பா."

"யானை கறி தின்னாதும்மா. யானை புல்லு, எலை, மூங்கிலு, இதுதான் தின்னும்."

"தின்னும்." அவள் குரலில் அழுகை இல்லை. தெரியாத ஆளுக்குச் சொல்லித் தருகிற குரல். "எங்கப்பாவத் தின்னுருச்சு. அம்மாதான் சொன்னாங்க."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. முத்துமாரி மாவுக் கையோடு கதவருகே வந்தார். "நான் எப்பச் சொன்னேன்?"

"அன்னைக்கு. எல்லாரும் வந்திருந்தாங்கள்ல. என் ராசாவ யானை தின்னுருச்சேன்னு சொல்லிச் சொல்லி அழுதீங்க."

எழவு வீட்டில் எல்லோரும் சொல்லி அழுகிற வார்த்தைதான் அது. கடல் தின்றது, காடு தின்றது, எமன் தின்றான் என்று எங்கள் பக்கத்திலும் அழுவார்கள். ஆறு வயதுப் பிள்ளை கூட்டத்துக்குள் நின்று அதைக் கேட்டிருக்கிறது. முகத்தைக்கூட அவளுக்குக் காட்டவில்லை என்று முத்துமாரி பிறகு சொன்னார். பிள்ளை பயந்துவிடும் என்று பெரியவர்கள் தூக்கிப் போய்விட்டார்களாம். காட்டாததால், அப்பா மிச்சமில்லை என்று அவள் முடிவு செய்துவிட்டாள். இரண்டு வருடம்.

சட்டியில் ஊற்றியிருந்த ஆப்பம் கருகும் வாசம் வந்தது. முத்துமாரி அடுப்பை அணைத்துவிட்டுக் கையைக் கழுவினார். "கிளம்புங்கக்கா" என்றார் என்னிடம். "சுபா, செருப்பப் போடு."

அரைமணிநேரம் நடந்தோம். சாலை திரும்பும் இடத்தில் கீழே அணைத்தண்ணீர் தெரிந்தது. அதற்கு அக்கரையில் யானைகள் மேயவரும் புல்மேடு. சுற்றுலா ஜீப்புகள் ஏற்கெனவே நின்றிருந்தன. அக்கரையில் ஐந்து யானைகள், அதில் ஒன்று குட்டி. தூரத்தில் கறுப்புப் புள்ளிகளாகத்தான் முதலில் தெரிந்தன. ஜீப்பில் வந்த ஒரு பையன், "ஒண்ணும் செய்யலியே, சும்மா நிக்குதே" என்று அலுத்துக்கொண்டான். அவன் அப்பா தன்னிடமிருந்த பைனாகுலரைச் சுபாவுக்குக் கொடுத்தார். அவள் வாங்கவில்லை. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். முத்துமாரிதான் வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார். இரண்டு வருடத்தில் அவரும் ஒரு யானையை நின்று பார்த்திருக்க மாட்டார்.

"புல்லத்தான் பிடுங்குது சுபா" என்றார். "பிடுங்கி... முட்டியில அடிக்குது. இப்ப வாயில வைக்குது. மறுபடி பிடுங்குது."

ரொம்ப நேரம் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கேள்வி வந்தது. "எதுக்கு அடிக்குது?"

"மண்ணு போறதுக்கு."

"நம்ம கீரைய அலசுற மாதிரியா?"

"ஆமா. அந்த மாதிரி."

சுபா பைனாகுலருக்குக் கையை நீட்டினாள். அதற்கப்புறம் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜீப்புகள் போய், வேறு ஜீப்புகள் வந்தன. அந்தப் பையனின் அப்பா பொறுமையாகக் காத்திருந்தார். "இன்னும் தின்னுட்டே இருக்கு" என்றாள் ஒரு கட்டத்தில். "அதுக்குப் பசி தீராதா?"

புல்லில் சத்து கொஞ்சம்தான் என்று நான் சொன்னேன். அவ்வளவு பெரிய உடம்புக்கு நாள் முழுக்கத் தின்றால்தான் உண்டு. தின்றதில் பாதி சாணியாகவே வெளியே வந்துவிடும், அதை வண்டும் காளானும் எடுத்துக்கொள்ளும். நெல் அப்படியில்லை. அது அடுத்த பயிருக்காக வெயிலையெல்லாம் ஒரு சின்ன மணிக்குள் அடைத்து வைத்திருக்கும். ஒரு மூட்டை அரிசி எவ்வளவு பெரிய விருந்து என்று யானைக்குத் தெரியும்.

"அப்ப அது அரிசிக்குத்தான் வந்துச்சா?" சுபா பைனாகுலரை இறக்காமலே கேட்டாள்.

"அரிசிக்குத்தான்" என்றார் முத்துமாரி.

"எனக்கு அதப் பிடிக்கல."

"பிடிக்க வேண்டாம். யாரு பிடிக்கச் சொன்னா."

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து வரைந்தேன். தண்ணீர், அக்கரை, புல், புல்லைப் பிடுங்கும் யானை, சாணியில் வண்டு. இக்கரையில் தேயிலை. தேயிலைக்கு வெயில் வரும் அம்பு மட்டும். இந்தப் படம்தான் ஜூனில் மாந்தோப்புப் படத்துக்குப் பக்கத்தில் அச்சாகி வந்தது. யானையைப் போடலாமா என்று நான் திரும்பவும் கேட்கவில்லை. சுபாவே, "குட்டிய விட்டுட்டீங்க" என்றாள். குட்டியையும் போட்டேன்.

திரும்பும்போது முத்துமாரி பேசாமல் வந்தார். லயத்துக்கு ஏறும் பாதையில் ஒருமுறை நின்று, "நாந்தான் அப்படி அழுதேன்க்கா" என்றார். "வாயில வந்துச்சு, அழுதேன்." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எனக்குப் பஸ். அன்று சாயங்காலம் முத்துமாரி கஞ்சியும் பயறும் வைத்தார். கவாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை அடுப்பில் செருகி, அது பற்றிக்கொண்டதும் சுபாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். "நீங்களும் இருங்க" என்றார்.

பிறகு, அதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாததை மகளிடம் சொன்னார். அலங்காரம் இல்லாமல், ஒவ்வொன்றாக. அப்பாவும் முதலில் வாசல்வரை வந்தார். அப்புறம் மூட்டை ஞாபகம் வந்து திரும்பினார். அந்த மாதத்துக்கு இருந்தது அந்த ஒரு மூட்டைதான். அம்மா வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தபோது ஒரு முனையை யானை இழுத்தது, மறுமுனையை அப்பா இழுத்தார். சுவர் சரிந்தது. செங்கல்லுக்குக் கீழேதான் அப்பா இருந்தார். யானை அவரைத் தொடவே இல்லை. அரிசியைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. அப்பாவைத் துணி சுற்றி, பூப் போட்டு, மேலே மயானத்தில் முழுசாக அடக்கம் செய்தோம். நாளைக்கு அந்த இடத்தைக் காட்டுகிறேன்.

சுபா எல்லாவற்றையும் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுசாவா?"

"முழுசா."

கஞ்சி கொதித்துப் பொங்கி வந்தது. முத்துமாரி மூடியை நகர்த்தினார்.

"அரிசிய விட்டுருக்கலாம்லம்மா" என்றாள் சுபா. "நம்ம கெழங்கு அவிச்சுத் தின்னுருக்கலாம்ல."

"தின்னுருக்கலாம்டி" என்றார் முத்துமாரி. அதன்பிறகுதான் இருவரும் அழுதார்கள்.